லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் மூன்று வாசகர்கள்

“பூட்டுக் கடைக்காரர் மறுபடியும் லைன்ல இருக்கார். காலையிலேர்ந்து அவர் அனுப்பின மெயில் ஒண்ணுகூடப் போய்ச் சேரலையாம். என்ன சொல்லட்டும்?” என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார் போன் அக்கா.

“சரி பண்ணிக்கிட்டிருக்கோம்னு சொல்லுங்கக்கா.”

“அதைத்தான் போன தடவையும் சொன்னேன். கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க, அவருக்கும் அலுப்பா இருக்குமில்ல.”

மாப்பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருடைய மாமனார் அலுவலகத்துக்குப் போன் செய்து, மாப்பிள்ளை நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டாரா என்று விசாரித்திருந்தார். போன் அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. முதலாளி திட்டும்போதுகூட மாப்பிள்ளை என்றுதான் திட்டுவார்.

இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடுவது அந்த நிறுவனத்தின் தொழில். பூட்டுக் கடை, டிரைவிங் ஸ்கூல், நாய் டாக்டர், பழைய மேஜை நாற்காலி விற்கிறவர் என்று எல்லோருடைய சைட்டும் மெயிலும் ஒரே சர்வரில் குடியிருந்தன. அந்த சர்வரிலிருந்து குப்பை மெயில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று சொல்லி, பெரிய மெயில் கம்பெனிகள் எல்லாம் அதைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டன. ஒரு குடித்தனக்காரர் செய்த வம்புக்கு மொத்த வீட்டையும் தள்ளிவைத்த கதைதான். பூட்டுக் கடைக்காரர் பாவம், ஒரு பாவமும் அறியாதவர்.

முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்து மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“யார்னு கண்டுபிடிச்சீங்களா மாப்பிள்ளை?”

“பார்த்துக்கிட்டே இருக்கேன் சார்.”

“கண்டுபிடிச்சதும் அந்த சைட்டைத் தூக்கி வெளியில போடுங்க. அவனை உள்ளே விட்டது யாருன்னும் பாருங்க. ரெண்டு பேரையும் சேர்த்தே வழியனுப்பிடலாம்.”

மாப்பிள்ளை அவசரமாகத் திரையை வேறு பக்கத்துக்கு மாற்றினார். காரணம், அவர் அதைக் கண்டுபிடித்து வெகு நேரம் ஆகியிருந்தது. சர்வரின் மெயில் வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கும் ஒரே தலைப்பு: ‘இன்றைய லிஃப்ட் சிந்தனை’. அனுப்பியவர் அவருடைய சொந்த மாமனார். அவரை உள்ளே விட்டவர் யார் என்பதற்குத் தனி விசாரணை தேவையில்லை.

மாமனார் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், வீட்டிலிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிச் சோதித்துக்கொண்டிருந்தார். மாமியார் குளியலறையில் இருக்கும்போதும் சோதித்தார். நிலைமை கைமீறுகிறது என்று மனைவி வந்து கவலைப்பட, மாப்பிள்ளை மாமனாரின் பிறந்தநாளுக்கு ஒரு சைட்டைப் பரிசாகக் கொடுத்தார். கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலில் ஏறாத ஓசி இடம். மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. மறுநாளிலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டார். மேலே போக நினைக்கிறவன் முதலில் கதவைச் சாத்த வேண்டும் என்பது முதல் சிந்தனை. அளவுக்கு மேல் ஆளை ஏற்றினால் மனசும் நின்றுபோகும் என்பது இரண்டாவது.

எழுதியதோடு விட்டிருந்தால் வம்பில்லை. படிக்க ஆள் வேண்டுமே என்று, கண்ணில் பட்ட மெயில் முகவரியை எல்லாம் சேர்த்தார். கிளினிக் பலகை, வாடகை வண்டியின் முதுகு, இருமல் மருந்துப் புட்டியில் புகார் சொல்லக் கொடுத்திருக்கும் முகவரி என்று எதையும் விடவில்லை. இணையத்தில் குப்பை மெயில் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்காகவே யாருக்கும் சொந்தமில்லாத முகவரிகளைப் பொறிபோல வைத்திருப்பார்கள். மனிதர் எங்கெங்கோ தேடி அவற்றையும் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அந்தப் பொறிகளுக்கெல்லாம் தினமும் காலையில் லிஃப்ட் சிந்தனை போனது.

மாமனாரிடமே போய்ச் சொல்லிவிடலாம் என்றால், அப்பா இப்போதுதான் தினமும் ஷேவ் செய்துகொள்கிறார் என்று மனைவி முந்தின வாரம்தான் கண் கலங்கியிருந்தாள். அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஆகவே மாப்பிள்ளை யாரிடமும் சொல்லாமல் சர்வரில் ஒரே ஒரு வரி எழுதினார். அன்றிலிருந்து மாமனாரின் மெயில்களை சர்வர் மரியாதையாக வாங்கிக்கொள்ளும், ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டும், பிறகு ஓசைப்படாமல் கிழித்துப் போட்டுவிடும்.

இரண்டொரு நாளில் கறுப்புப் பட்டியலிலிருந்து விடுதலை கிடைத்தது. முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார். யாரோ ஒரு வாடிக்கையாளரின் பாஸ்வேர்டு திருடு போயிருந்தது, அடைத்துவிட்டேன் என்று மாப்பிள்ளை புளுகினார். இனிமேல் இப்படி நடக்கவே கூடாது என்று முதலாளி கிளம்பிப் போய், குப்பை மெயில் பிடிப்பதற்கென்றே ஒரு புது சாஃப்ட்வேர் வாங்கிவந்தார். அதை சர்வரில் நிறுவும்போது மாப்பிள்ளைக்கு எந்த அபசகுனமும் தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் மனைவி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். அவள் காலையில் நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு, மத்தியானம் அடுத்த தெருவிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்வருவது வழக்கம்.

“அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டிருக்கார். ஒருத்தர்கூட ஒரு வரி எழுதலையாம். முன்னேயாவது இனிமே அனுப்பாதேன்னு நாலு பேர் திட்டி எழுதுவாங்க. இப்ப திட்டறதுக்குக்கூட ஆள் இல்லைன்னு சொல்றார்.”

மாப்பிள்ளைக்கு உள்ளே சுருக்கென்றது. பொல்லாத மனுஷன் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, தங்கள் சர்வரிலேயே ஒரு மெயில் பெட்டி திறந்து, ஒரு பல் டாக்டராக மாறி மாமனாருக்கு ஒரு கடிதம் எழுதினார். கதவைப் பற்றிய சிந்தனை தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்றும், கிளினிக்கில் அதை எழுதி மாட்டியிருப்பதாகவும் அளந்தார். ஒரே ஒரு வாசகர் என்றால் சந்தேகம் வருமே என்று ஒரு கப்பல் என்ஜினியரையும் சேர்த்துக்கொண்டார். பெண்களும் படிக்கிறார்கள் என்றால் மாமனார் இன்னும் சந்தோஷப்படுவாரே என்று ஒரு பாட்டு டீச்சரையும் உண்டாக்கினார். சர்வரில் எழுதிய வரியைக் கொஞ்சம் தளர்த்தினார். இப்போது மாமனாரால் உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் மெயில் அனுப்ப முடியும். மூன்று பேரும் மாப்பிள்ளைதான்.

சில நாளில் பதில்கள் வந்தன. நீளமான, அன்பான பதில்கள். அதோடு ஆயிரக்கணக்கான பேருக்கு மாமனார் அனுப்பும் காலைச் சிந்தனையும் தானாக நின்றுபோனது. நல்ல வாசகர்கள் மூன்று பேர் கிடைத்ததும் மனிதர் நிறைந்துவிட்டார் என்று மாப்பிள்ளை தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். பதில் எப்போதும் மத்தியானம்தான் வரும். மத்தியானத் தூக்கத்தை எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுக்காத மாமனார் வாசகர்களுக்காக அதையும் தியாகம் செய்கிறாரே என்று நெகிழவும் செய்தார்.

“அப்பா இப்ப எப்படி இருக்கார்?” என்று மனைவியிடம் கேட்டார்.

“ரொம்ப ஜோரா இருக்கார்,” என்று அவள் வேறு பக்கம் திரும்பி அலமாரியைத் துடைத்தாள்.

தொல்லை பல் டாக்டரிடமிருந்து ஆரம்பித்தது. என் மனைவிக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டு வந்தது ஒரு கடிதம். மாப்பிள்ளை உஷாராக, நேரில் போய் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள் என்று எழுதினார். நீங்களே நல்ல டாக்டர்தானே, கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல், கொஞ்ச நாளைக்கு மறுபக்கத்தால் மென்று சாப்பிடச் சொன்னார். அதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்தார். மாமியார் அப்படியே மென்றதில் மறுபக்கப் பல் ஒன்றும் விண்டுபோய், இரண்டு கன்னமும் வீங்கிப் படுத்துவிட்டார். மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய் நலம் விசாரித்தார். மெல்லவே முடியாதவருக்குப் பழம் வாங்கி வந்திருக்கிறீர்களே என்று மனைவி திட்டினாள்.

கப்பல் என்ஜினியரையாவது கழற்றிவிடலாம் என்று அவரை நீண்ட பயணம் அனுப்பினார். கம்பளிச் சட்டை எடுத்துப் போனீர்களா, வீட்டுக்கு ஒழுங்காகக் கடிதம் போடுகிறீர்களா என்று கேட்டு நடுக்கடலுக்கும் மெயில் வந்தது.

ஆனால் மாப்பிள்ளையை உண்மையில் ஆட்டிவைத்தவர் பாட்டு டீச்சர்தான். எழுத விஷயம் கிடைக்காத ஒரு நாளில், என் கணவர் வீட்டில் அதிகம் பேச மாட்டார் என்று டீச்சர் ஒப்புக்கு ஒரு வரி எழுதிவைத்தார். அதற்கு வந்த பதிலைப் படித்துவிட்டு மாப்பிள்ளை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

‘அம்மா, இப்படி ஒரு ஜாதி ஆண்கள் இருக்கிறார்கள். வேலையிலிருந்து வந்தாலும் கண் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார்கள். நாம் எது சொன்னாலும் “ம்” என்பார்கள். கெட்டவர்கள் இல்லை. தாங்கள் வீட்டில்தான் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் தனியாக இருப்பதாக நினைக்க வேண்டாம்.’

மாமனார் ஈரத் துண்டு வரை தெரிந்துவைத்திருக்கிறார் என்றால், மனைவி போய் வத்திவைத்திருக்கிறாள் என்று அர்த்தம். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. பிறகு, வீட்டுக்குப் போய்க் கட்டிலைப் பார்த்தார். துண்டு அங்கேதான் ஈரமாகக் கிடந்தது. கோபம் போய் வெட்கம் வந்துவிட்டது. எடுத்துக் கொடியில் போட்டார். அன்று மனைவி நூலகத்தில் நடந்ததைச் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். உடம்பு சரியில்லையா என்று அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

என் கணவர் இப்போது துண்டைக் காயப்போடுகிறார் என்று டீச்சர் எழுதினார். சில வீடுகளில் அந்த அதிசயமும் நடக்கத்தான் செய்கிறது, ஆனால் எத்தனை நாளைக்கு என்று பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. இப்போதெல்லாம் கடிதங்களில் லிஃப்ட் வருவதே இல்லை. மாமனாருக்கு எழுத்து எப்படிக் கைகூடி வந்துவிட்டது என்று மாப்பிள்ளை வியந்தார். சொல்லப்போனால் அந்தப் பதில்களுக்காக அவர் காத்திருக்கவே ஆரம்பித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். மாமனார் வாய் ஓயாமல் எதிரே கட்டும் புதுக் கட்டடத்தைப் பற்றியே பேசினார். அங்கே லிஃப்ட் மாட்டும் ஆட்கள் கயிற்றை எப்படித் தப்பாகப் பிடிக்கிறார்கள் என்று கரண்டியை வைத்துக்கொண்டு விளக்கினார்.

“வாசகர்களெல்லாம் நல்லா எழுதறாங்களா மாமா?” என்று மாப்பிள்ளை மெல்ல விட்டுப்பார்த்தார்.

மாமனாருக்குப் புரையேறியது. மகளைப் பார்த்தார். அவள் அவசரமாகத் தண்ணீரை நீட்டினாள். என்ன ஒரு அடக்கம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். புது சாஃப்ட்வேர் வேட்டையை முடித்து அறிக்கை கொடுத்திருந்தது. முதலாளி அதைத் துப்பறிகிறவர் தோரணையில் படித்துக் காட்டினார்.

“மூணு மெயில் பெட்டி. மூணும் ஒரே நாள்ல திறந்தது. மூணு பேரும் ஒரே ஒரு சைட்டுக்குத்தான் எழுதறாங்க, வேற யாருக்கும் எழுதறதில்லை. மூணு பேரும் ஒரே நேரத்துல சாப்பிடப் போறாங்க. கும்பல் மாப்பிள்ளை, இது பெரிய கும்பல்.”

“ஒருவேளை நண்பர்களா இருக்கலாம் சார்.”

“அந்த சைட்டு நம்ம வாடிக்கையாளர் பட்டியல்லயே இல்லை. பாஸ்வேர்டு திருட்டுன்னு நீங்க அன்னிக்குச் சொன்னதும் இந்தக் கும்பலோட வேலையாத்தான் இருக்கும். அந்த சைட்டுக்காரனை நாளைக்கு இங்க வரச் சொல்லுங்க. அவன் மூஞ்சியை நான் பார்க்கணும். வரலைன்னா சைட்டை மூடிட்டு, அதை உள்ளே விட்டது யாருன்னு எனக்கு எழுதிக் குடுங்க.”

வெளியே வந்தபோது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, போன் அக்கா தன் டீயை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

சைட்டை மூடினால் மாமனார் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், மனைவி ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். மூடாவிட்டால் வேலை போகும். மாமனாரையே அழைத்துவந்து முதலாளி முன்னால் நிறுத்துவது என்பதை நினைக்கவே உடம்பு கூசியது. வாசகர்களையாவது கௌரவமாக விடைபெறச் செய்துவிடுவோம் என்று பாட்டு டீச்சரைக் கொண்டு ஆரம்பித்தார். வெளியூருக்குக் குடிபோகிறேன், இனிமேல் எழுத முடியாது என்று டீச்சர் எழுதினார். வழக்கம்போல மத்தியானம் பதில் வந்தது.

‘போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்களுக்கு எழுதும்போது மட்டும்தான் மனசில் உள்ளதைச் சொல்கிறேன். அதைக் கேட்க வேறு ஆள் இல்லை.’

அந்த வரியைத் தாண்டி அவரால் படிக்க முடியவில்லை. தன்னை நம்பி மனசைத் திறந்த ஒரு பெரியவரை இத்தனை நாளாகப் பொய்ப் பெயரில் ஏமாற்றிவிட்டோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். வேலை போனாலும் போகட்டும், அவர் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு மாமனார் வீட்டுக்குக் கிளம்பினார்.

கதவைத் திறந்தது மாமியார். வீக்கம் வடிந்திருந்தாலும் ஒரு கன்னத்தில் இன்னும் கை இருந்தது. மாமனார் வீட்டில் இல்லை. வழக்கம்போல எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டுவதை வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். பொழுதுக்கும் அங்கேதான் இருக்கிறார், இப்போது அவர்கள் அவருக்கும் ஒரு தலைக்கவசம் கொடுத்துவிட்டார்கள் என்றார் மாமியார். மகள் இப்போதுதான் கிளம்பிப் போனாள் என்றும் சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துப் பட்டாணி உரிக்க உட்கார்ந்தார். கூடத்து மேஜையில் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது.

மாப்பிள்ளை உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். கறுப்புப் பட்டியல், கிழித்துப் போட்ட சிந்தனைகள், நாளைக்கு முதலாளிக்குச் சொல்ல வேண்டிய பதில் என்று ஒன்றையும் மறைக்கவில்லை.

“மாமாவுக்கு எழுதற அந்த மூணு வாசகர்களும் நான்தான் அத்தை. அவர் மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு செஞ்சேன்.”

மாமியார் பட்டாணி உரிப்பதை நிறுத்தினார்.

“அப்ப அந்தப் பல் டாக்டர்?”

“நான்தான் அத்தை.”

மாமியார் கன்னத்தைத் தடவிக்கொண்டார். திட்டு விழப்போகிறது என்று மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மாமியார் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

“முதல்ல உட்காருங்க மாப்பிள்ளை. படிக்க ஆள் இல்லைன்னதுமே உங்க மாமா ரெண்டு நாள் படுத்துக் கிடந்துட்டு, எழுதறதையே விட்டுட்டார். நீங்க ஆசையா குடுத்த இடம் சும்மா கிடந்தா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு, தினம் மத்தியானம் வந்து அந்த மூணு பேருக்கும் அவர் பேர்ல பதில் எழுதறது உங்க பெண்டாட்டிதான். அந்தப் பாட்டு டீச்சர் புருஷனை மட்டும் ஒரு நாள் நேர்ல பார்த்து நாலு கேள்வி கேட்காம விடமாட்டேன்னு சொல்லிக்கிட்டிருக்கா.”